இனிப்புகளும் சர்க்கரையும் தரும் நார்ச்சத்து ஏறுகிறதாம்: இந்த வரைபடக் கோட்டை எப்படிப் படிப்பது?

#1 எண்ணும்எழுத்தும்

வணக்கம். ஒரு வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, ஒவ்வொரு நாட்டிலும் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு கிடைக்கிறது என்ற கணக்கை வெளியிடுகிறது. இப்போது எந்த உணவுத் தொகுதியிலிருந்து எந்தச் சத்து வருகிறது என்றும் அதில் பிரித்துப் பார்க்கலாம். தானியம், பருப்பு, காய்கறி, பழம் என்று போகும் பட்டியலில் ‘இனிப்புகளும் சர்க்கரையும்’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரியையும் நார்ச்சத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒரு கோடு வரும். அப்படி வந்த ஏறுமுகமான கோடு ஒன்றை யாரோ எடுத்து, ‘இனிப்புகள் ஆரோக்கியமாகிக்கொண்டிருக்கின்றன’ என்று தலைப்பிட்டுச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்.

என் அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. அந்தப் படத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். “பார்த்தாயா, இப்போதெல்லாம் இனிப்பிலேயே நார்ச்சத்து வருகிறதாம்” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியாகத் தெரியாமல் மறுக்கவும் கூடாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 387 கிலோ கலோரி இருக்கிறது, நார்ச்சத்து 0. தேனில் 100 கிராமுக்கு 0.2 கிராம். பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் ஏறும் கோடு எங்கிருந்து வந்தது? கணக்கு உதைக்கிறது.

#2 வகுப்பறை

படத்தின் இடப்பக்க அச்சைப் பார்த்தீர்களா? அதில் இருக்கும் எண்கள் என்ன?

கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது படம் வரைந்தவர் கையில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு நாட்டில் இந்தத் தொகுதி தரும் நார்ச்சத்து நாளொன்றுக்கு 0.04 கிராமிலிருந்து 0.08 கிராமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சை 0-விலிருந்து 0.1 வரை போட்டால் கோடு மலையேறும். ‘100 விழுக்காடு உயர்வு’ என்று எழுதினாலும் பொய்யில்லை. ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல். அதில் இந்த 0.08 கிராம் எத்தனை பங்கு? 0.32 விழுக்காடு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதைவிடக் குறைவு.

இன்னொன்று, எண்ணைச் சுருக்கி எழுதும்போது வரும் வினை. ஒரே தசம இடத்தோடு எழுதினால் 0.04 என்பது 0.0 ஆகும், 0.06 என்பது 0.1 ஆகும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ முளைத்தது போலத் தெரியும்.

#3 தோட்டத்துவாசல்

நான் வேறு விதமாக நினைக்கிறேன். வெள்ளைச் சர்க்கரையை விட்டு வெல்லம், பழுப்புச் சர்க்கரை என்று சுத்திகரிக்காத பக்கம் மக்கள் திரும்புகிறார்கள் அல்லவா? சுத்திகரிக்காத எதிலும் நார் இருக்கும். கோடு ஏறுவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதைக் குறைத்துப் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

#4 கரும்புக்காடு

தோட்டத்துவாசல் அவர்களுக்கு: நல்லெண்ணத்தோடு சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் தவிட்டு நிறத்தைப் பார்த்து நார்ச்சத்து இருக்கும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் வழுக்கும் இடம். சர்க்கரை ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் நார் எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

கரும்பின் எடையில் ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காடு நார். சர்க்கரையாகக் கைக்கு வருவது சுமார் 10 விழுக்காடு. அதாவது ஒரு கிலோ சர்க்கரை எடுக்கும்போது ஒரு கிலோவுக்கும் மேலான நார் கூடவே ஆலைக்குள் வருகிறது. கரும்பை வெட்டிச் சிதைத்து உருளைகளுக்கு இடையே விடுவோம். ஒவ்வொரு அரவையிலும் சாறு கீழே இறங்கும், சக்கை மேலே போகும். மிச்சச் சாறும் வரட்டும் என்று சக்கை மேல் வெந்நீர் தெளித்து மறுபடி பிழிவோம். கடைசி உருளையைத் தாண்டி வரும் சக்கையைக் கையில் எடுத்தால் மரத்தூள் போல இருக்கும், வெதுவெதுப்பாக. பாதி எடை ஈரம், மீதியில் பெரும்பகுதி நார். அது நேராகக் கொதிகலனுக்குப் போகும். அந்த நெருப்பில் எழும் நீராவிதான் சாற்றைக் காய்ச்சுகிறது, ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. கரும்பின் நாரை எரித்துத்தான் கரும்பின் சர்க்கரையை எடுக்கிறோம்.

சாற்றோடு தப்பி வரும் பொடி நாரும் இருக்கிறது. சுண்ணாம்புப் பால் சேர்த்துச் சூடாக்கியதும் அது அழுக்கோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அந்தச் சேற்றை வடிகட்ட நாங்களே சக்கைத்தூளைக் கொஞ்சம் சேர்ப்போம், வடிகட்டி அடைக்காமல் இருப்பதற்காக. தெளிந்த சாற்றில் மிஞ்சுவது நீரில் கரைந்தவை மட்டும்: சர்க்கரை, தாது உப்புகள், நிறம் தரும் பொருள்கள். வெல்லத்துக்கும் பழுப்புச் சர்க்கரைக்கும் நிறமும் மணமும் இவற்றால் வருகின்றன. சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகு கரியாகக் கறுத்திருக்கும், ஆனாலும் சத்து அட்டவணையில் அதன் நார்ச்சத்து 0. ஆகவே வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறினால் தாது உப்பு கொஞ்சம் கூடும், நார் கூடாது.

#5 எண்ணும்எழுத்தும்

ஐயா, படித்து அசந்துபோனேன். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு கிலோ நார்! அப்படியானால் இயற்கை ஒன்றாகக் கொடுத்ததைப் பிரித்து, நமக்கு வேண்டியதை எரித்துவிட்டு, வேண்டாததைத் தட்டில் வைக்கிறோம் என்றுதானே பொருள்? இதைத்தான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

#6 கரும்புக்காடு

அவசரப்பட வேண்டாம். அந்த நாரை யாரும் எப்போதும் தின்றதில்லை. கரும்பைக் கடித்து மெல்பவரும் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பத்தான் செய்கிறார். பருப்பின் தோலோடும் பழத்தின் சதையோடும் அதை ஒப்பிட முடியாது. ஆலை உங்களிடமிருந்து உணவைப் பறிக்கவில்லை. மெல்வதற்குப் பட்ட பாட்டைத்தான் பறித்தது. ஒரு மனிதரால் மென்று முடிக்க முடியாத அளவு இனிப்பை இரண்டே கரண்டிக்குள் அடக்கிவிட்டது. எனக்குப் பெரிய தீங்காகத் தெரிவது அதுதான்.

பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலும் கதை இதுதான். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கை பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகிறது.

#7 ஆய்வகமேசை

உணவுப் பகுப்பாய்வு என் தொழில். நார்ச்சத்தை அளக்கும் மேசையில் நின்றவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

1985-இல் ஏற்கப்பட்ட அடிப்படை முறை இன்றும் பல சத்து அட்டவணைகளுக்கு வேராக இருக்கிறது. ஒரு கிராம் மாதிரி, இரண்டு பிரதிகளாக. கொழுப்பு மிகுந்திருந்தால் முதலில் கரைப்பானில் கொழுப்பை நீக்க வேண்டும். சர்க்கரை மிகுந்திருந்தால் 85 விழுக்காடு எத்தனாலில் இரண்டு மூன்று முறை அலசிச் சர்க்கரையை வெளியேற்ற வேண்டும். சாக்லேட்டுக்கு இரண்டுமே வேண்டும். பிறகு மாவுப்பொருளை உடைக்கும் நொதி, புரதத்தை உடைக்கும் நொதி, மறுபடி மாவுப்பொருளுக்கு இன்னொரு நொதி. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சூடு, ஏற்ற அமிலத்தன்மை. கடைசியில் நான்கு பங்கு எத்தனாலை ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தால், கரையும் நார் மேகம் போலத் திரண்டு அடியில் படியும். அதைக் கண்ணாடி மூசையில், அதாவது அடியில் நுண்துளைகள் உள்ள கிண்ணத்தில், வடிகட்டி, இரவு முழுவதும் உலர்த்தி, எடை போட்டு, ஒட்டியிருக்கும் புரதத்தையும் சாம்பலையும் கழிக்க வேண்டும். மிஞ்சும் எடைதான் நார்ச்சத்து.

கெட்டியான சர்க்கரை மிட்டாயை இப்படிச் செய்தால் முதல் அலசலிலேயே மாதிரி கரைந்து காணாமற்போய்விடும். மூசையில் மிஞ்சுவது வெற்று மூசையின் எடையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுதான். மில்லிகிராமின் சில பங்குகள், அதுவும் தராசின் ஆட்டம். கொக்கோ அப்படி இல்லை. கருத்த கூழாக மூசையில் உட்கார்ந்துகொண்டு வடிய மறுக்கும். அந்த மாதிரி வரும் நாள்களில் எங்கள் வேலை இரவு வரை நீளும். இனிப்பில்லாத கொக்கோத் தூளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது.

எனவே எண்ணும்எழுத்தும் தேடும் விடை பெரும்பாலும் அங்கேதான். சர்க்கரையின் பூஜ்யமும் தேனின் எள்ளளவும் ஒரு கோட்டை நகர்த்தாது. 100 கிராம் கணக்கில், 70 முதல் 85 விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட்டில் 10.9 கிராம், பால் சாக்லேட்டில் 3.4 கிராம், வெள்ளைச் சாக்லேட்டில் 0.2, பழ ஜாமில் ஏறத்தாழ 1. ‘இனிப்புகளும் சர்க்கரையும்’ என்ற பெயரில் இருக்கும் நார், சர்க்கரையோடு பயணம் செய்யும் வேறு பொருள்களின் நார்.

#8 வகுப்பறை

அருமை. நான் கேட்க நினைத்ததற்கு முன்பே விடை வந்துவிட்டது. ஒரு கற்பனை நாட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சர்க்கரை 80 கிராம், தேன் 1 கிராம், பால் சாக்லேட் 5 கிராம். நார்ச்சத்து: 0, 0.002, 0.17. மொத்தம் 0.172 கிராம். சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரையும் தேனும் அப்படியே இருக்க, சாக்லேட் மட்டும் 10 கிராமாகிறது. மொத்தம் 0.342. ஏறக்குறைய இரண்டு மடங்கு! இங்கே எந்த இனிப்பும் ஆரோக்கியமாக மாறவில்லை. அதே இனிப்பை மக்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தின்றார்கள், அவ்வளவுதான். கூடுதலாகத் தின்ற 5 கிராமில் பாதிக்கு மேல் சர்க்கரை.

நான் மாணவர்களுக்கு இதைக் கொடுக்கப் போகிறேன். ஒரு தொகுதியின் சராசரியோ மொத்தமோ நகர்ந்தால், உள்ளே எது நகர்ந்தது என்று பிரித்துக் கேள் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

#9 நடுவழி

> அதே இனிப்பை மக்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தின்றார்கள், அவ்வளவுதான்.

கறுப்புச் சாக்லேட்டையும் இதே கூடையில் போடுவது நியாயமா? 10.9 கிராம் என்பது சிறிய எண் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து உள்ளது’ என்றும், 6 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்றும் எழுதலாம். எண்ணளவில் பால் சாக்லேட்டே முதல் வரம்பைத் தாண்டுகிறது, கறுப்புச் சாக்லேட் இரண்டாவதையும் தாண்டுகிறது. மக்கள் பாலிலிருந்து கறுப்புக்கு மாறியதால் கோடு ஏறியிருந்தால் அது நல்ல செய்திதானே? எல்லா ஏற்றத்தையும் சந்தேகிப்பதும் ஒரு சாய்வுதான்.

#10 தட்டும்தராசும்

நடுவழி கேட்டது நேர்மையான கேள்வி. நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுப்பவள் நான். தினமும் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுதான்.

நார்ச்சத்தை 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஒரு கிராம் நாருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். பணமாக அல்ல, கலோரியாகவும் சர்க்கரையாகவும். பால் சாக்லேட் வழியாக ஒரு கிராம் நார் வேண்டுமானால் சுமார் 157 கிலோ கலோரியும் 15 கிராம் சர்க்கரையும் கூடவே வரும். கறுப்புச் சாக்லேட்டில் சுமார் 55 கிலோ கலோரி, 2 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. தோலோடு வேகவைத்த முழு மைசூர்ப் பருப்பில் சுமார் 15 கிலோ கலோரிதான். அன்றாடத் தேவையான 25 கிராமையும் பால் சாக்லேட்டிலேயே எடுக்க நினைத்தால் முக்கால் கிலோ தின்ன வேண்டும், ஏறத்தாழ 3,900 கிலோ கலோரி.

ஆகவே பாலிலிருந்து கறுப்புக்கு மாறுவது நல்ல மாற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுமே தின்னாமல் இருந்தவர் அதைக் கேட்டுக் கறுப்புச் சாக்லேட்டைத் தொடங்கினால் அது நல்ல மாற்றம் இல்லை. நாட்டுக் கணக்கின் கோடு இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. இரண்டும் ஒரே மாதிரிதான் மேலே போகும்.

அமெரிக்காவில் நார்ச்சத்துப் பரிந்துரையை 1,000 கிலோ கலோரிக்கு 14 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் அது. 100 கிராம் சர்க்கரை உங்கள் அன்றைய கலோரியில் 387-ஐ எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய நார் 5.4 கிராம். வந்தது 0. சர்க்கரை நார்ச்சத்தைக் குறைப்பதில்லை, நார்ச்சத்து உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. என்னிடம் வருபவர்களில் பலருக்கு இதைச் சொன்ன பிறகுதான் முகத்தில் தெளிவு வரும்.

#11 தோட்டத்துவாசல்

என் தவறு புரிந்தது. கரும்புக்காடு ஐயாவுக்கு நன்றி. இத்தனை நாள் வீட்டில் எல்லோருக்கும் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். ‘நார்ச்சத்து சேர்த்தது’ என்று அச்சிட்ட மிட்டாய்கள் வருகின்றனவே, அவை இந்தக் கணக்கில் சேருமா?

#12 ஆய்வகமேசை

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அவற்றில் சேர்ப்பது பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின், அல்லது குளுக்கோஸிலிருந்து உருவாக்கும் பாலிடெக்ஸ்ட்ரோஸ். இரண்டும் நீரில் நன்றாகக் கரையும், மிட்டாய்க்குக் கொஞ்சம் பருமனும் தரும். சர்க்கரையைக் குறைத்த மிட்டாயில் அந்த வெற்றிடத்தை நிரப்ப வசதி.

நான் மேலே சொன்ன பழைய முறையில் எத்தனால் ஊற்றும்போது இவை பெரும்பகுதி திரளாமல் கரைசலிலேயே நின்று வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். அதாவது மிட்டாயில் நார் இருக்கும், எங்கள் மூசையில் இருக்காது. இவற்றுக்கென்று தனி முறைகள் வந்தன. பிறகு 2009-இல் ஏற்கப்பட்ட முறை எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வழி செய்தது. ஒரு நாடு அட்டவணையைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றினால், மிட்டாய் அப்படியே இருக்க, நார் ஏறும்.

வரையறையிலும் பிளவு இருக்கிறது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2009-இல் ஏற்ற வரையறைப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை அலகுகள் கோத்த, சிறுகுடல் நொதிகளால் உடைபடாத சங்கிலிகள் நார்ச்சத்து. மூன்று முதல் ஒன்பது அலகுகள் கொண்ட குட்டைச் சங்கிலிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று அடிக்குறிப்பில் விட்டுவிட்டார்கள். அதனால் ஒரே மிட்டாய் எல்லையைத் தாண்டும்போது அதன் நார்ச்சத்து மாறக்கூடும். நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அளவுமுறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பிரிட்டன். அங்கே பழைய வரையறைப்படி நாளொன்றுக்கு 18 கிராம் என்றிருந்த பரிந்துரை, 2015-இல் புதிய வரையறைப்படி 30 கிராமாக எழுதப்பட்டது. தேவை உயர்ந்தது ஒரு பகுதிதான். அளக்கும் கோல் மாறியதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

#13 நடுவழி

ஒப்புக்கொள்கிறேன். தட்டும்தராசும் சொன்ன ‘ஒரு கிராமுக்கு என்ன விலை’ என்ற பார்வை எனக்குப் புதிது. ஆனால் ஒன்று: அப்படியானால் இந்தக் கோட்டையே தூக்கிப் போட்டுவிடலாமா?

#14 வகுப்பறை

வேண்டாம். ஒரு கோடு எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வதற்கும் அந்தக் கோடு வேண்டும். மூன்று எச்சரிக்கைகளை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இது கிடைத்த உணவின் கணக்கு, தின்ற உணவின் கணக்கு அல்ல. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் தீவனத்தையும் விதையையும் வழியில் வீணானதையும் கழித்து, மிஞ்சியதை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குப்பைக்குப் போனது கழிவதில்லை. மக்கள்தொகை மதிப்பீடு திருத்தப்பட்டால் பழைய ஆண்டுகளின் எண்ணும் மாறும். இரண்டாவது, உணவு வேளாண் அமைப்பின் உணவு இருப்புக் கணக்கில் 1961 முதல் 2013 வரையான பழைய வரிசையும் 2010-இலிருந்து தொடங்கும் புதிய வரிசையும் வெவ்வேறு முறையில் தயாரானவை. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்தால் ஒட்டிய இடத்தில் ஒரு படி தெரியும். அதைப் பார்த்துவிட்டு மக்கள் பழக்கம் மாறிவிட்டது என்று எழுதுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எதை எந்தத் தொகுதியில் வைத்தார்கள் என்பது. அந்த இருப்புக் கணக்கில் கொக்கோவும் அதன் பொருள்களும் காபி, தேயிலையோடு ஒரு தொகுதி; சர்க்கரையும் தேனும் வேறு தொகுதி. தட்டில் விழும் உணவாகப் பார்க்கும் வகைப்பாடுகளில் சாக்லேட் மிட்டாய் இனிப்புகளோடு சேரும். வகைப்பாட்டை மாற்றினால் இந்தத் தொகுதியின் நார் முழுவதும் ஒரே நாளில் வரவும் கூடும், ஒரே நாளில் போகவும் கூடும்.

#15 எண்ணும்எழுத்தும்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து, அந்தப் படத்தைப் புதிதாக வரைந்தேன். இனிப்புகளின் கோட்டைத் தனியாகப் போடாமல், தானியம், பருப்பு, காய்கறி, பழம் ஆகியவற்றின் கோடுகளோடு ஒரே அச்சில் போட்டேன். இனிப்புகளின் கோடு அடி அச்சோடு ஒட்டிக்கொண்டது. அதை எந்த நிறத்தில் வரைந்தாலும் தனியாகத் தெரியவில்லை. கடைசியில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. கீழே அதே நாட்டுக்கு, அதே ஆண்டுகளுக்கு, அதே தொகுதி தந்த கலோரியை இன்னொரு படமாக வைத்தேன். அது அடியில் இல்லை.

காலையில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அம்புக்குறி இருந்த இடத்தில் விரலை வைத்து, “இதுவா அது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு பருப்பின் கோட்டைக் காட்டி, அது ஏன் நடுவில் இறங்குகிறது என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். கரும்புக்காடு ஐயாவும் ஆய்வகமேசை அம்மாவும் அங்கேயும் வர வேண்டும்.

#16 ஆய்வகமேசை

வருகிறேன். வரைவதற்கு முன் ஒன்று மட்டும் பார்த்து வையுங்கள்: பருப்பின் எடை தோலோடா, தோல் நீக்கியா என்பதை. நார்ச்சத்தில் அதுவே பெரிய வித்தியாசம் காட்டும்.